வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், டாக்டர்?

சங்கரன்கோவிலில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஸ்கேன் கவரோடுதான் வருவார்கள். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், அதிலும் சென்னையில் குடல் அறுவைச் சிகிச்சை வார்டில் காலம் தள்ளியவள் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் கேஸ் ட்ரபிளுக்கும் என்னிடம்தான் வருவார்கள், கேன்சருக்கும் என்னிடம்தான் வருவார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதியில் கட்டி என்று எழுதிய ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "நெஞ்சத் தெறக்கணும்னு ஒரு டாக்டர் சொல்லுதாரு. வேண்டாம், வயித்து வழியாவே எடுத்திரலாம்னு இன்னொருத்தர் சொல்லுதாரு. ஓட்டை போட்டே செய்யலாம்னு கோயம்புத்தூர்ல சொல்லுதாங்களாம். எது நல்லது சிஸ்டர்?"

நியாயமான கேள்வி. பதிலும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டியது ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை: "இந்த ஆபரேஷனை இந்த ஆஸ்பத்திரியில் வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?" கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம். கல்யாணத்துக்குச் சமையல்காரர் பேசும்போது எத்தனை பேருக்குப் பந்தி போட்டவர் என்று நாலு இடத்தில் விசாரிக்கிற நாம், நெஞ்சைத் திறக்கப் போகிறவரிடம் வாயைத் திறக்க மாட்டோம்.

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். கழுத்தில் தொடங்கி, நெஞ்சுக்கூட்டுக்குள் முதுகெலும்புக்கு முன்னாலும் இதயத்துக்குப் பின்னாலுமாக இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையில் சேர்கிறது. இருக்கிற இடம்தான் சிக்கல். குடலில் கட்டி என்றால் வயிற்றைத் திறந்து, அந்தத் துண்டை வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். உணவுக்குழாயை அப்படி இழுத்துச் சேர்க்க முடியாது. கட்டி அடியில் இருந்தாலும் குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையையே ஒரு நீளக் குழாயாக வெட்டித் தைத்து, மேலே நெஞ்சுக்கோ கழுத்துக்கோ ஏற்றி இணைக்க வேண்டும். இதய பைபாஸ் என்றால் ஊரே பயப்படும். இது அதற்கு எந்த விதத்திலும் சளைத்ததில்லை.

இந்த ஆபரேஷனின் பழைய கதையை வார்டில் பயிற்சி டாக்டர்களுக்குப் பேராசிரியர் சொல்லும்போது நானும் ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன். 1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற சர்ஜன் ஒரு அம்மாளின் நெஞ்சுக்குள் இருந்த உணவுக்குழாய்ப் புற்றை வெற்றிகரமாக வெட்டி எடுத்தார். எடுத்த இடத்தில் வைக்க அவரிடம் எதுவும் இல்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் இணைக்க உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அந்த அம்மாள் அந்தக் குழாய் வழியாகவே சாப்பிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று இன்றைக்கும் எங்கள் தெருவில் சொல்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

இப்போது இருக்கிற வழிகளுக்கு வருவோம். 1946-இல் ஐவர் லூயிஸ் என்ற வேல்ஸ் நாட்டு சர்ஜன் எழுதிய முறைதான் அடிப்பகுதிக் கட்டிக்கு இன்றும் அதிகம் செய்யப்படுகிறது. முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையைத் தயார் செய்வார்கள். பிறகு வலப்பக்க நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்து, நெஞ்சுக்குள்ளேயே இணைப்புப் போடுவார்கள். 1976-இல் மெக்கியோன் எழுதியது மூன்று கட்டம். நெஞ்சு, வயிறு இரண்டோடு கழுத்தையும் திறந்து, இணைப்பைக் கழுத்தில் போடுவது. கட்டி நடுப்பகுதிக்கு ஏறியிருந்தால் இது பொருத்தம். மூன்றாவது, நெஞ்சைத் திறக்காமல் வயிற்று வழியாகவும் கழுத்து வழியாகவும் கையை விட்டு உணவுக்குழாயைப் பிரித்து எடுப்பது. 1933-இல் இங்கிலாந்தில் கிரே டர்னர் செய்து காட்டியதை 1978-இல் அமெரிக்காவின் ஆரிஞ்சர் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நுரையீரல் பலவீனமானவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைச் சொல்வார்கள்.

கழுத்து இணைப்பா, நெஞ்சு இணைப்பா என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. கழுத்தில் போட்ட இணைப்பு அடிக்கடி கசியும், ஆனால் கசிந்தால் தோல் வழியாக வெளியே வந்துவிடும், பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. அங்கே குரல் நரம்பு அடிபட்டு, பேச்சு கரகரவென்று ஆகிவிடுவதும் நடக்கும். நெஞ்சு இணைப்பு அவ்வளவு கசிவதில்லை. கசிந்தால் மட்டும் உயிருக்கே உலை.

நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்ற சண்டையை நெதர்லாந்துக்காரர்கள் 220 நோயாளிகளை வைத்து நேரடியாகவே ஒப்பிட்டுப் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். நெஞ்சைத் திறக்காதவர்களுக்கு நுரையீரல் தொல்லை குறைவு. ஆனால் எத்தனை வருஷம் உயிரோடு இருந்தார்கள் என்ற கணக்கில் இரண்டுக்கும் திட்டவட்டமான வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சைத் திறந்தால் நிணநீர் நெறிகளை இன்னும் முழுதாக எடுக்கலாம் என்பதால் பெரும்பாலான சர்ஜன்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். கட்டி இரைப்பைக்குள்ளேயே அதிகம் இறங்கியிருந்தால் அதை இரைப்பைப் புற்றாகவே பாவித்து, இரைப்பை முழுவதையும் உணவுக்குழாயின் அடி நுனியையும் சேர்த்து எடுப்பார்கள். குழாயின் உள்தோலை மட்டும் தொட்ட மிக ஆரம்பக் கட்டியை எண்டோஸ்கோபி வழியாகவே செதுக்கி எடுத்துவிடலாம், கத்தியே வேண்டாம். அந்த நிலையில் வந்தவர்களை என் பணிக்காலத்தில் அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

"ஓட்டை போட்டுச் செய்யும்" முறையில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுக்குள் கேமராவை விட்டு உணவுக்குழாயைப் பிரித்தெடுக்கும் முறையில் 130 பேருக்குச் செய்த அனுபவத்தை 2006-இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை இதழில் வெளியிட்டார். குப்புறப் படுத்தால் நுரையீரலும் இதயமும் தம் கனத்தாலேயே முன்னால் சரிந்துவிடும், உணவுக்குழாய் கண்ணுக்கு நேரே தெரியும், ரத்தமும் பார்க்கிற இடத்தில் தேங்காது. இந்த யோசனையை 1994-இலேயே ஸ்காட்லாந்தில் குஷியரி எழுதியிருந்தாலும், உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது கோயம்புத்தூர்க் கணக்கு வந்த பிறகுதான். பிறகு ஐரோப்பாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து குப்புறப் படுக்கவைத்தே இந்த முறையைத் திறந்த அறுவையோடு ஒப்பிட்டன. 2012-இல் வந்த முடிவு: மருத்துவமனையில் இருக்கும்போது நுரையீரலில் சளிக்காய்ச்சல் வந்தது திறந்த அறுவையில் நூற்றுக்கு 34 பேருக்கு, கேமரா முறையில் 12 பேருக்கு. பீடியால் புண்ணாகிப்போன நுரையீரலோடு வருகிற நம் ஆட்களுக்கு இது லேசான விஷயமில்லை.

இத்தனை வழிகளையும் சொன்ன பிறகு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பழகிய கை, பழகிய வார்டு என்றால் இவற்றில் எதுவும் நன்றாகவே நடக்கும். பழகாத இடத்தில் எந்தப் பெயர் சொன்ன ஆபரேஷனும் சூதாட்டம்தான்.

இதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிகேர் காப்பீட்டுப் பதிவுகளை எடுத்து, பர்க்மேயர் என்ற சர்ஜனும் அவர் குழுவும் 2002-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உணவுக்குழாய் அகற்றும் ஆபரேஷனை வருஷத்துக்கு இரண்டுக்கும் குறைவாகச் செய்த மருத்துவமனைகளில் நூற்றுக்குச் சுமார் 20 பேர் இறந்தார்கள். 19-க்கு மேல் செய்த இடங்களில் சுமார் 8 பேர். அதே நோய், அதே ஆபரேஷன். நெதர்லாந்து அரசு 2006-இல், வருஷத்துக்குப் பத்தாவது செய்யாத மருத்துவமனை இந்த ஆபரேஷனில் கை வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. 2011-இல் அது இருபதாக உயர்ந்தது. நம் ஊரில் அப்படி எந்த வரம்பும் இல்லை. தியேட்டரும் சர்ஜனும் காப்பீட்டு அனுமதியும் இருந்தால் போதும்.

ஏன் இந்த வித்தியாசம்? சர்ஜனின் கைவண்ணம் என்று எல்லோரும் நினைப்பார்கள். பாதி உண்மை. மிச்சப் பாதி வார்டில் இருக்கிறது, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து நோயாளி வரும்போது மூக்கில் குழாய், நெஞ்சில் குழாய், வயிற்றில் உணவு செலுத்தும் குழாய், முதுகில் வலி மருந்துக்கான மெல்லிய குழாய், சிறுநீர்க் குழாய் என்று இருப்பார். சொந்தக்காரர்கள் பார்த்ததும் அழுதுவிடுவார்கள். எங்களுக்கு அந்த முதல் நாள் பயமில்லை. எங்கள் பயமெல்லாம் ஐந்தாம் நாளுக்கு மேல்தான். அதுவரை 88, 90 என்று ஓடிக்கொண்டிருந்த நாடித் துடிப்பு ராத்திரி 110 ஆகும். காய்ச்சல்கூட இருக்காது. ஆள் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார், ஆனால் முகம் வேர்த்திருக்கும். நெஞ்சுக் குழாயின் பாட்டிலைப் பார்த்தால் வெள்ளரிக்காய்த் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்துகொண்டிருந்தது கலங்கியிருக்கும். பழகிய வார்டில் இருக்கிற சின்னப் பெண் நர்ஸ்கூட அந்த நிமிஷமே போனை எடுப்பாள். இரவு ஒரு மணிக்கு பி.ஜி. டாக்டர் ஓடி வருவார், சி.டி. எடுப்பார்கள், விடிவதற்குள் எண்டோஸ்கோபி வழியாகக் கசிவை அடைக்கவோ சீழை வெளியேற்றவோ ஏற்பாடு நடந்துவிடும். பழகாத வார்டில் "காலையில ரவுண்ட்ஸ்ல சொல்லிக்கலாம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள்.

2009-இல் அமெரிக்காவில் இதையும் ஆராய்ந்து சொன்னார்கள். பெரிய ஆபரேஷன்களுக்குப் பிறகு சிக்கல் வருவது நல்ல மருத்துவமனையிலும் மோசமான மருத்துவமனையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சிக்கல் வந்தவரைக் காப்பாற்றுவதில்தான் இரண்டும் பிரிகின்றன. எங்கள் வார்டுச் சிஸ்டர்கள் யாரிடம் கேட்டிருந்தாலும் இதை ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பகுதியில் தறி ஓட்டிய ஒரு அண்ணாச்சிக்கு இதுதான் நடந்தது. ஐம்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஒரு பக்கத்து நகரத்து மருத்துவமனையில், பெயர் வேண்டாம், ஆபரேஷன் செய்தார்கள். சர்ஜன் கெட்டிக்காரர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆறாம் நாள் ராத்திரி மூச்சு வாங்கியிருக்கிறது. இரவில் சி.டி. கிடையாது, தீவிர சிகிச்சை டாக்டர் வீட்டிலிருந்து வர வேண்டும். விடிந்த பிறகு ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ச் சேரும்போது சிறுநீரகமும் படுத்துவிட்டது. நெஞ்சைத் திறந்ததா, வயிற்று வழியா என்பதற்கும் அந்தச் சாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்வது பிடிக்காது என்று தெரியும். 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனதிலிருந்து, அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை இருக்கிறது. வரட்டும், நானும் கேட்கிறேன். பிரசவமும் குடல்வாலும் விபத்தும் பக்கவாதமும் பக்கத்திலேயே பார்க்கப்பட வேண்டும். ஆனால் "எல்லா ஆபரேஷனும் எங்க ஊரிலேயே" என்று உணவுக்குழாய்க்கும் சேர்த்துக் கேட்பது நம் தலையில் நாமே மண் அள்ளிப் போட்டுக்கொள்வது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 70,000 பேருக்கு இந்தப் புற்று வருகிறது என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் 2022 மதிப்பீடு. அவர்களில் ஆபரேஷன் செய்யும் நிலையில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சத்தையும் மாவட்டத்துக்கு மாவட்டம் பங்கு போட்டால் எந்த இடத்திலும் கை பழகாது. தமிழ்நாடு முழுவதற்கும் அரசுத் தரப்பில் ஏழெட்டு இடம் போதும். பேராசிரியர் ரங்கபாஷ்யம் சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையைக் கட்டியெழுப்பியதே நோயாளிகள் ஓரிடத்தில் சேர்ந்ததால்தான் முடிந்தது. புதிய சர்ஜன்கள் எங்கே பழகுவது என்று கேட்பார்கள். அங்கே போய்ப் பழகட்டும்.

பக்கத்தில் இருக்க வேண்டியது வேறு. எண்டோஸ்கோபி.

இந்த நோய் எப்படி வளர்கிறது என்பதை இலையிலேயே பார்க்கலாம். முதலில் பரோட்டா நிற்கும். சால்னாவில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிடத் தொடங்குவார். பிறகு பரோட்டாவையே விட்டுவிடுவார், "எண்ணெ ஒத்துக்கல" என்பார். சோற்றுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு வரும், ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்கு. அடுத்தது இட்லியைப் பாலில் கரைப்பது. கடைசியில் கஞ்சி. வீட்டுக்காரம்மாவுக்குக்கூடத் தெரியாது, அவரவர் நாக்குக்குத் தக்கபடி மாறிக்கொள்கிறார் என்றே நினைப்பார். உணவுக்குழாய் 20 மி.மீ. அளவுக்கு விரியக்கூடியது. 13 மி.மீ.க்குக் கீழே சுருங்கினால்தான் கட்டியான உணவு நிற்கத் தொடங்கும். அதாவது முதல் பரோட்டா நிற்கும்போதே கட்டி கணிசமாக வளர்ந்துவிட்டது. அப்போதுதான் கடையில் போய் ஈனோவும் ஜெலுசிலும் பேன்டோபிரசோல் மாத்திரையும் வாங்குகிறோம். எரிச்சல் கொஞ்சம் தணியும். தணிந்ததால் இன்னும் இரண்டு மாதம் ஓடிவிடும். "இட்லி எறங்க மாட்டேங்கு சிஸ்டர், நெஞ்சுக்குழியில நிக்கி" என்று என் திண்ணைக்கு வரும்போது ஆள் பத்துக் கிலோ இளைத்திருப்பார்.

எங்கள் ஊரில் இதற்கு வாய்ப்பு அதிகம் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. பஞ்சும் நூலும் பறக்கிற தறி செட்டுக்குள் பீடி பற்ற வைக்க முடியாது, அதனால் கன்னத்தில் புகையிலை ஒதுக்கிக்கொள்வார்கள். ராத்திரி ஷிஃப்ட் முடிந்தால் டாஸ்மாக். புகையிலையும் சாராயமும் தனித்தனியாக ஒரு பங்கு கெடுதல் என்றால் சேர்ந்தால் பல பங்கு. கொதிக்கக் கொதிக்க டீ குடிப்பதைக்கூட, 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் புற்றுக்குக் காரணமாகக்கூடும் என்று 2016-இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் பட்டியலில் சேர்த்துவிட்டது. நெஞ்செரிச்சலும் தொந்தியும் சேர்ந்து உருவாக்குகிற இன்னொரு வகைப் புற்றும் இப்போது அடிப்பகுதியில் கூடி வருகிறது என்கிறார்கள். நோய் தீரக் கோமதியம்மன் சன்னிதிப் புற்றுமண்ணைப் பூசிக்கொள்கிற ஊர் இது. நானும் பூசிக்கொள்கிறவள்தான். பூசிக்கொண்டு எண்டோஸ்கோபிக்கும் போங்கள் என்பேன்.

2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு அரசு பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. உணவுக்குழாய் அதில் இல்லை, அது சரிதான். நோய் அறிகுறி இல்லாத எல்லோருக்கும் எண்டோஸ்கோபி போட முடியாது. ஆனால் விழுங்கச் சிரமம் என்று வாய் திறந்து சொல்கிற ஒருவருக்கு இரண்டு வாரத்துக்குள் எண்டோஸ்கோபி என்று இங்கிலாந்தில் விதி வைத்திருந்தார்கள். அது இங்கேயும் முடியும். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாள் எண்டோஸ்கோபி நாள் என்று வைத்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பெண்கள் பிரஷரும் சுகரும் கேட்கும்போது "சாப்பாடு இறங்குதா?" என்றும் கேட்டால் போதும். ஐந்து நிமிஷப் பரிசோதனைக்காக நெல்லைக்குப் போய் நாள் வாங்கிக்கொண்டு திரும்புகிற தறிக்காரர், கூலி போன கடுப்பில் அடுத்த தடவை போவதில்லை.

ரிப்போர்ட் வந்த பிறகு இன்னொரு குழப்பம். "ஆபரேஷன் பண்ணாம மொதல்ல கீமோ, கரண்ட்டுங்காங்க. தட்டிக் கழிக்காங்களோ?" இல்லை. கட்டி சுவரைத் தாண்டியிருந்தாலோ நெறி கட்டியிருந்தாலோ முதலில் அதைச் சுருக்கிவிட்டுத்தான் கத்தி வைக்க வேண்டும். நெதர்லாந்தில் ஐந்து வாரம், வாரம் ஒரு கீமோ, மொத்தம் 23 தடவை கரண்ட் (கதிர்வீச்சு) கொடுத்து அதன் பிறகு ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். 2012-இல் வெளியான முடிவில், நேரடியாக ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் 24 மாதத்தைத் தாண்டினார்கள் என்றால், இப்படிச் செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் 49 மாதத்தைத் தாண்டினார்கள். நம் ஊரில் அதிகம் வருகிற செதிள் செல் வகையில், எடுத்த துண்டைச் சோதித்தபோது ஏறக்குறைய பாதிப்பேரிடம் புற்று அணுவே மிச்சமில்லை. நெஞ்செரிச்சலும் தொந்தியும் தருகிற சுரப்பி செல் வகைக்கு, கரண்ட் இல்லாமல் நாலு மருந்து கீமோவை முன்னும் பின்னும் கொடுப்பது இன்னும் மேல் என்று 2025 ஜனவரியில் ஜெர்மானியர்கள் காட்டியிருக்கிறார்கள். கட்டி முழுக்கக் கரைந்துவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிவைத்துக் கண்காணிக்கலாமா என்ற ஆராய்ச்சியும் நம்பிக்கை தருகிறது. ஆனால் அந்தக் கண்காணிப்பு என்பது சில மாதங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி, பயாப்சி, பெட் ஸ்கேன். ரிவ்யூவுக்கு வரச் சொன்னால் ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடுகிற நமக்கு அது சரிப்படுமா என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

நர்ஸாக இருந்தவள் என்பதால் இன்னும் சில விஷயங்களையும் சொல்ல விடுங்கள். சாப்பாடு இறங்காதவருக்கு அவசரத்தில் பக்கத்து ஆஸ்பத்திரியில் வயிற்றில் குழாய் போட்டுவிடுவார்கள். அது இரைப்பையில் போட்ட குழாய் என்றால் பின்னால் சர்ஜனுக்குத் தலைவலி, ஏனென்றால் அந்த இரைப்பைதான் புது உணவுக்குழாயாகப் போகிறது. மூக்கு வழியாகவோ சிறுகுடலிலோ போட முடியுமா என்று ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுப்பார்கள், மூச்சை இழுத்துப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் இழுத்துப் பழகுங்கள். மூன்று பந்தையும் நிறுத்துகிறவர் மூன்றாம் நாள் எழுந்து நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புகையிலையை நாள் குறித்ததும் விட வேண்டும், நாளைக்கு ஆபரேஷன் என்று இன்றைக்கு விட்டுப் பிரயோஜனமில்லை. பிழைத்து வந்த பிறகு ஒரே மூச்சில் இலைச் சாப்பாடு கிடையாது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, கை அளவு. படுக்கும்போது தலைப்பக்கம் உயர்த்தி. அப்படி வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஆபரேஷன் கிடையாது. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டால் கத்தியால் ஒரு லாபமும் இல்லை. உள்ளே வலைக்குழாய் வைத்தால் கஞ்சியாவது இறங்கும். அதைச் சொல்கிற டாக்டரைக் கைவிட்டுவிட்டார் என்று திட்டாதீர்கள். பரவிய பிறகும் ஆபரேஷன் செய்கிறேன் என்கிறவரிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தூரமாகப் போகச் சொல்வது எளிது, செலவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ரயிலில் புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போனால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி, கூடப் போகிற ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. டாக்டரிடம் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. அடையாறு புற்றுநோய் நிலையமோ அரசு மருத்துவமனைகளோ அங்கே இருக்கின்றன. செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் எங்கள் பக்கத்து ஜனங்கள் எத்தனையோ காலமாகப் போய்வருகிறார்கள். இல்லாதது, கூட வருகிறவர் வாரக்கணக்கில் தங்க ஒரு இடம். ஆஸ்பத்திரி நடைபாதையில் பாய் விரிக்கிற அந்த மனைவிக்கு ஒரு விடுதி கட்டுவது, மாவட்டத்துக்கு ஒரு ஆபரேஷன் தியேட்டர் கட்டுவதைவிட மலிவு.

இனி அரசுக்கு. அமெரிக்க ஆய்வு காப்பீட்டுப் பதிவுகளை வைத்துச் செய்யப்பட்டது என்றேன். அதே மாதிரிப் பதிவுகள் நம் அரசிடம் இருக்கின்றன. காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் பணம் கொடுப்பது அரசுதான், அதனால் எந்த மருத்துவமனை வருஷத்துக்கு எத்தனை உணவுக்குழாய் அறுவை செய்தது என்பது சென்னையில் ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறது. நோயாளிக்கு மட்டும்தான் தெரியாது. இறப்பு எண்ணிக்கையையும் வெளியிட்டால் சர்ஜன்கள் பயந்துபோய்ச் சிக்கலான நோயாளிகளைத் தொடமாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் அர்த்தம் இருக்கிறது. இங்கிலாந்தில் நோயாளிகளின் வயது, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துத்தான் மருத்துவமனை வாரியாக வெளியிடுகிறார்கள். அந்த அளவுக்கு நாம் தயாராகும் வரை, முதல் படியாக எண்ணிக்கையை மட்டுமாவது வெளியிடலாமே. வருஷத்துக்குப் பத்துக்கும் குறைவாகச் செய்கிற இடத்துக்குத் திட்டமிட்ட உணவுக்குழாய் அறுவைக்குக் காப்பீட்டு அனுமதி இல்லை என்று அடுத்த படியாக விதி வைக்கலாம். சட்டசபையில் மசோதா வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். சுகாதாரத் துறையின் ஒரு அரசாணை போதும், பட்டியலைத் திட்டத்தின் இணையதளத்தில் தமிழில் போட்டால் போதும். வருகிற மானியக் கோரிக்கையிலேயே சுகாதார அமைச்சர் இதை அறிவிக்க வேண்டும்.